விருந்தாளி மேடேறும் வரை

ஹாலித் குர்த்தியின் வீட்டுக்குள் ருஸ்தெம் பேக் ஆயுளில் இரண்டே தடவைதான் கால் வைத்தார். முதல் தடவை நிலத்துக்குச் சொந்தக்காரராக வந்தார். ஹாலித்தின் மானம் போயிற்று. இரண்டாம் தடவை விருந்தாளியாக வந்தார். அப்போது போனது வேறு.

இஷெம் ஆற்றங்கரையில் நாலு ஊர் பேக்குடையது; பேக் என்றால் அந்த நாட்டுப் பெரிய நிலக்கிழார். ஹாலித்தின் அப்பா அவருடைய அப்பாவுக்கு உழுதார், ஹாலித் இவருக்கு உழுதான். விளைந்ததில் மூன்றில் ஒரு பங்கு பேக்கின் களஞ்சியத்துக்குப் போகும், பண்டிகைக்குப் பண்டிகை இரண்டு கோழியும் போகும். பேக் இஸ்தான்புல்லில் சட்டம் படித்தவர், வியன்னாவில் கோட்டு தைத்துக்கொண்டவர். சுல்தானின் ஆட்சி போய் நாடு தனியாக நின்றபோது கொடி பிடித்தவர்களில் அவரும் ஒருவர். பிறகு இரண்டு தடவை நாடாளுமன்றத்துக்குப் போனார். ஊரில் யார் எந்தப் பெட்டியில் ஓட்டுப் போடவேண்டும் என்பதை அவருடைய கங்காணி செனெல் முதல் நாளே வீடு வீடாகச் சொல்லிவிடுவான்; தோற்கிற பேச்சே இல்லை. 'உழுகிறவனுக்கே நிலம்' என்று தலைநகர் திரானாவில் அவர் பேசினால் கைதட்டல் கூரையைப் பிளக்குமாம். சர்க்கரைப் பந்தலில் தேன்மாரிதான். களத்துமேட்டில் மட்டும் அந்தத் தேன் ஒரு சொட்டுகூட விழுந்ததில்லை.

கெட்ட மனிதர் என்றும் சொல்லிவிட முடியாது. அதுதான் தொல்லை. எப்போதும் சிரித்த முகம், யாரையும் கைநீட்டி அடித்ததில்லை. அடித்திருந்தால் ஹாலித் தாங்கியிருப்பான்.

அந்த இரண்டாம் வரவுக்கு ஒன்பது வருஷத்துக்கு முன்னால், பங்கு பிரிக்கிற நாளில், திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. பேக் களத்திலிருந்து ஓடிவந்து பக்கத்தில் இருந்த ஹாலித்தின் வீட்டுக்குள் நுழைந்தார். பின்னாலேயே ஊர்ப் பெரியவர்கள் ஐந்து பேர் வாசற்படியில் நின்றார்கள். வீட்டு நடுவில் அடுப்பு. மேலே சங்கிலியில் தொங்குகிற சட்டியில் அவரைக்கொட்டை கொதித்துக்கொண்டிருந்தது. பேக்குக்கு நல்ல பசி, நல்ல மனநிலை.

"நம்ம ஹாலித் வீட்ல என்ன சமையல்னு பாப்போம்" என்று சிரித்தபடியே குதிரைச் சாட்டையின் பிடியால் சட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தார்.

அவ்வளவுதான். மூடியை மறுபடி வைத்தார், மழை விட்டதும் போய்விட்டார்.

அந்த மண்ணில் ஒருவன் வீட்டுக்காரனைச் செருப்பால் அடிக்கலாம், அதற்குக்கூட மத்தியஸ்தம் உண்டு. அடுப்பில் இருக்கிற சட்டியின் மூடியைத் தூக்கினால், இந்த வீட்டில் ஆம்பளை இல்லை என்று அர்த்தம். அதற்கு இரத்தம்தான் பதில், இல்லாவிட்டால் ஊரறிய மன்னிப்புக் கேட்கவேண்டும். எட்டு வயசுப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி இது. இஸ்தான்புல்லில் பதினைந்து வருஷம் இருந்துவிட்டு வந்தவருக்கு மறந்துபோயிற்று. அவர் மறந்தார் என்பதற்காக அந்த ஐந்து பெரியவர்களும் மறப்பார்களா?

ஹாலித் துப்பாக்கியை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் விதவை அம்மா, தம்பி குடும்பம், தன் குடும்பம் என்று பதினான்கு வயிறு நடுத்தெருவில் நின்றிருக்கும். அதிலிருந்து ஊர்ச் சபையில் அவன் முறை வரும்போது காப்பிக் கோப்பையை நேராக நீட்டமாட்டார்கள். கொடுக்கிறவன் இடது முழங்காலைத் தூக்கி, அதற்கு அடியில் கையை விட்டு நீட்டுவான். மானத்தை மீட்காதவனுக்குக் காப்பி அப்படித்தான். ஹாலித் ஒன்பது வருஷம் அதை வாங்கிக் குடித்தான். கசக்கிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அவன் மகள் ஷாச்சேயைப் பெண் கேட்க வந்தவர்கள் இரண்டு தடவை படலைக்கு வெளியிலேயே நின்று விசாரித்துவிட்டு அப்படியே திரும்பிப் போனார்கள். அன்றைக்கெல்லாம் அவன் மனைவி நசீஃபே யாரோடும் பேசமாட்டாள். சட்டி அவளுடைய சட்டி அல்லவா?

1924 டிசம்பரில் திரானாவில் அரசாங்கம் கவிழ்ந்தது. கவிழ்ந்த பக்கத்தில் ருஸ்தெம் பேக் இருந்தார். வந்த பக்கத்துக்கு ஒரே இரவில் தாவியவன் கங்காணி செனெல். எந்தக் கையால் பேக்கின் கோட்டைத் தூசி தட்டினானோ அந்தக் கையாலேயே அவரைத் தேடத் துப்பாக்கி எடுத்தான்.

இது நடந்து மூன்றாம் நாள் காலை. வெயில் இருந்தது, சூடு இல்லை. காற்று காதைக் கிள்ளியது. ஹாலித் முற்றத்தில் விறகு பிளந்துகொண்டிருந்தான். படலைக்கு வெளியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"வீட்டுக்காரரே! விருந்தாளிய ஏத்துக்குவீங்களா?"

கேள்வி பழையது, பதிலும் பழையது. யோசிப்பதற்கு அதில் இடமே இல்லை. ஹாலித்தின் வாய் பதிலைச் சொல்லிவிட்டது. "வாங்க. ரொட்டியும் உப்பும் மனசும் இருக்கு."

பிறகுதான் ஆளைப் பார்த்தான். முழங்கால் வரை சேறு, தொப்பி இல்லை, கன்னத்தில் முள் கிழித்த கோடு. பேக் துப்பாக்கியைத் தோளிலிருந்து கழற்றி, வழக்கப்படி அடிக்கட்டையை முன்னால் வைத்து நீட்டினார். விருந்தாளியின் ஆயுதத்தை வீட்டுக்காரன்தான் வாங்கி மாட்டவேண்டும். ஹாலித் வாங்கினான். துப்பாக்கி கையில் கனத்தது. ஒன்பது வருஷம் கனவில் வந்த மனிதர் வெறுங்கையோடு எதிரே நிற்கிறார், அவருடைய துப்பாக்கியே தன் கையில் இருக்கிறது. ஹாலித்தின் காதுக்குள் இரத்தம் இரைந்தது.

"குதிரை கால ஒடிச்சுக்கிச்சுப்பா" என்றார் பேக். "புகை தெரிஞ்ச மொத வீடு இதான். உன் பேரு… கோவிச்சுக்காத…"

"ஹாலித்."

"ஆங், ஹாலித். நல்ல பேரு."

இது யார் வீடு என்றே தெரியாமல்தான் வந்திருக்கிறார்! ஹாலித்துக்கு அந்த நொடியில் வந்த கோபம் அந்த மழை நாளில்கூட வந்ததில்லை. ஒரு மனிதன் வாழ்க்கையைக் குழி தோண்டிப் புதைத்தவர், புதைத்த இடத்தையாவது நினைவில் வைத்திருக்கவேண்டாமா?

துப்பாக்கியை ஆணியில் மாட்டினான். பேக்கை அடுப்புக்கு வலப்பக்கம், விருந்தாளியின் இடத்தில், கம்பளத்தில் உட்காரவைத்தான். நசீஃபே காப்பி போட்டாள். ஷாச்சே சோள ரொட்டியும் உப்பும் கொண்டுவந்து வைத்துவிட்டு ஓடினாள். பேக் பசியில் ரொட்டியைப் பிய்த்துத் தின்றார். இரண்டு நாள் பட்டினி. அடுப்புச் சட்டியிலிருந்து அவரைக்கொட்டையும் பூண்டும் மணத்தன. பேசிக்கொண்டே, தன்னை அறியாமல், அவர் கை சட்டியின் பக்கம் நீண்டது.

"கைய எடுங்க பேக்" என்றாள் நசீஃபே. சத்தம் போடவில்லை. "ஒரு தடவ தூக்குனது போதும்."

கை அந்தரத்தில் நின்றது. பேக் அவளைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார், ஹாலித்தைப் பார்த்தார். மழை, களம், சாட்டை எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வருவது முகத்தில் தெரிந்தது. படித்த மனிதர், கணக்கு சீக்கிரம் புரிந்துவிட்டது. ஆணியில் தொங்குகிற தன் துப்பாக்கியை ஒரு தரம் பார்த்தார். முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

"சாப்பிடுங்க" என்றான் ஹாலித். "இங்க உங்களுக்கு ஒண்ணும் ஆகாது."

வெளியில் குதிரைகளின் சத்தம் கேட்டது.

செனெல் படலைக்கு வெளியிலேயே நின்றான். கூட ஆறு பேர், ஆறு பேரும் சுற்றுவட்டாரத்து ஆட்கள். அதில் ஒருவன் ஹாலித்தின் தம்பிக்கு மச்சினன். உள்ளே நுழைய ஒருவனுக்கும் தைரியம் இல்லை. அந்த மண்ணில் வீடு கடவுளுடையது, விருந்தாளியுடையது. வீட்டுக்காரன் அதற்குக் காவல்காரன் மட்டும்தான். விருந்தாளியைக் கொன்றால் ஹாலித்தின் வம்சத்தில் முப்பது துப்பாக்கியும் செனெலின் மகன்களைத் தேடிக்கொண்டு வரும். அவமானப்பட்டவன் வீட்டு விருந்தாளியும் விருந்தாளிதான்.

"ஹாலித் அண்ணே" என்றான் செனெல். ஒன்பது வருஷத்தில் அவன் 'அண்ணே' போட்டது அதுதான் முதல் தடவை. "நல்லாருக்கீங்களா? கொழந்தைங்கல்லாம் சௌக்கியமா?"

"சங்கதிக்கு வா."

"சங்கதி என்ன, உங்களுக்கே தெரியும். அவர ஒப்படைங்கன்னு நான் கேக்கல. கேக்கக் கூடாது, எனக்கும் மொறை தெரியும். அவரு கெளம்புவாரு, ரோடோன் மொனையில படகு நிக்குது. ஓடை வரைக்கும் நீங்க கொண்டுபோய் விடுவீங்க. அதானே மொறை?"

"அதான்."

"விட்டுட்டுத் திரும்பிடுங்க. வேற ஒண்ணும் வேணாம். முதுகு திரும்பிட்டா அதுக்கப்பறம் அவரு யாரோ, நீங்க யாரோ. ஒரு பய உங்கள ஒரு வார்த்த சொல்ல முடியாது." செனெல் குரலைத் தாழ்த்தினான். "ஓடைக்கு இந்தப்புறம் இருக்கிற இருபது காணி உங்க பேருக்கு எழுதித் தந்துடறோம். மேல பேசிட்டேன். அந்த மூடி விஷயமும் தீந்துபோச்சு பாருங்க. உங்க கையில ஒரு சொட்டு ரத்தம் படாது."

அவன் சொன்னதில் ஒரு பொய் இல்லை. எல்லோருக்கும் தெரிந்த சட்டம் அது: விருந்தாளியை எல்லை வரை கூட்டிப்போய் விடவேண்டும். விட்ட பிறகும், வீட்டுக்காரன் முகம் அவர் பக்கம் இருக்கிறவரை அவர் தலையில் கைவைக்கக் கூடாது. முதுகு திரும்பியதும் பொறுப்பு முடிந்தது. ஓடைக்கு அப்பால் மொட்டைக் குன்று, ஒரு மரம் கிடையாது. மேடேற அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணியும் பேக் முயல் மாதிரி கண்ணுக்குத் தெரிவார்.

ஹாலித் உள்ளே திரும்பி வந்தான். நசீஃபே கதவோரத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"திரும்பிடு" என்றாள்.

"நசீஃபே…"

"நான் என்ன அவர வெட்டச் சொன்னேனா? உப்பு போட்டோம், காப்பி குடுத்தோம், கொண்டுபோய் விடப்போற. எல்லாம் மொறைப்படிதான். அதுக்கப்பறம் வீட்டுக்குத் திரும்பி வர்றவன் எந்தப் பக்கம் பாத்துத் திரும்புவான்? ஒம்போது வருஷம், மனுஷா. நம்ம புள்ள மூஞ்சியப் பாத்துட்டுப் போ. பாத்துட்டுத் திரும்பிடு."

அவள் சொன்னது நியாயம்.

துப்பாக்கியை எடுத்துப் பேக்கிடம் கொடுத்தான். முறைப்படி முன்னால் நடந்தான், பேக் பின்னால் வந்தார். நாற்பது அடி தள்ளிச் செனெலின் குதிரைகள் வந்தன. உழுது போட்ட வயல் உறைந்து கிடந்தது, காலடியில் மண்கட்டி நொறுங்கியது. ஹாலித்தின் தலைக்குள் இருபது காணியும் ஒரே சமயத்தில் விளைந்தது. சொந்தக் களஞ்சியம், ஷாச்சேயின் கல்யாணம், சபையில் நேராக நீளுகிற கை. ஒன்றும் செய்யவேண்டாம், வெறுமனே திரும்பினால் போதும். நாய்கூடச் செய்கிற வேலை.

ஓடைக்கரை வந்தது. பேக் நின்றார். தொண்டையைக் கனைத்தார். மேடை மேடையாய்ப் பேசிய வாய் அன்றைக்கு வார்த்தைக்குத் தடவியது.

"ஹாலித். அன்னிக்கு அந்த மூடி… எனக்கு வேணும்னு இல்ல. சத்தியமா மறந்தே போச்சு. என்ன…"

"பேசாதீங்க" என்றான் ஹாலித். "என் உப்பு வயித்துல இருக்கறப்ப மன்னிப்பு கேட்டா என்னால இல்லன்னு சொல்ல முடியாது. அது எனக்கு வேணாம். வெறும் வயித்தோட ஒரு நாள் வாங்க. ஊர் நடுவுல, அந்த அஞ்சு பேரு முன்னாடி நின்னு கேளுங்க. அப்ப பாத்துக்கலாம்."

"வர்றேன். என் கொடி மேல ஆணையா வர்றேன்."

"போங்க. ஓடாதீங்க. ஓடினா இவனுங்களுக்குக் கை அரிக்கும்."

பேக் தண்ணீரில் இறங்கி அக்கரை ஏறினார். குன்றில் கால் வைத்தார். ஆறு துப்பாக்கிகளின் விசைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறும் சத்தம் கேட்டது. எல்லோரும் ஹாலித்தின் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஹாலித் திரும்பவில்லை.

கொஞ்ச நேரம் அது வழக்கமான மரியாதை மாதிரி இருந்தது. பேக் ஐம்பது அடி போனார், நூறு அடி போனார். ஹாலித் கைகளைக் கட்டிக்கொண்டு, கண்ணை அந்த முதுகின் மேல் ஊன்றி நின்றான். செனெலுக்கு மெல்ல விளங்கிற்று.

"அண்ணே, போதும். மரியாத பண்ணியாச்சு. குளிருது, வீட்டுக்குப் போங்க."

"எனக்குக் குளிரல."

"டேய் ஹாலித்து!" 'அண்ணே' பறந்துவிட்டது. "முழங்காலுக்கு அடியில காப்பி குடிக்கிற பயலுக்கு வெறப்பப் பாரு! அவன் உனக்கு என்ன பண்ணான்னு மறந்துட்டியா?"

"மறக்கல. அது அவருக்கும் எனக்கும். உனக்கு இதுல பங்கு இல்ல."

செனெல் பல்லைக் கடித்தான். பிறகு இரண்டு ஆட்களிடம் ஏதோ சொன்னான். இரண்டு குதிரைகள் வந்த வழியே பறந்தன. எங்கே போகின்றன என்று ஹாலித்துக்குப் புரிந்துவிட்டது. விருந்தாளியைக் கொல்லத்தான் தடை. வீட்டைக் கொளுத்தத் தடை இல்லை.

காற்று அவன் முதுகுப் பக்கமிருந்து வீசியது. முதலில் மணம் வந்தது. கூரையின் காய்ந்த நாணல் எரிகிற மணம். பிறகு எருமைகள் கத்தின. பேக் குன்றில் பாதி ஏறியிருந்தார். அவரும் நின்று திரும்பிப் பார்த்தார். அங்கிருந்து அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கும். ஒரு கணம் நின்றார். பிறகு முன்னைவிட வேகமாக ஏறினார்.

அந்த மனிதர் பிழைத்தார். நாலு வருஷம் இத்தாலியில் இருந்தார், அரசியல் காற்று மாறியதும் திரும்பி வந்தார், மறுபடி நாடாளுமன்றத்தில் உட்கார்ந்தார். 'நம் நாட்டின் விருந்தோம்பல்' என்று அவர் பேசிய ஒரு பேச்சைப் பத்திரிகைகள் பெரிதாகப் போட்டன. அதில் ஒரு ஏழைக் குடியானவன் வருகிறான்; பேர் கிடையாது. நிலத்தைப் புதுக் கங்காணியை வைத்து மீட்டுக்கொண்டார், மூன்றில் ஒரு பங்கு மறுபடி போயிற்று. வயசாகித் திரானாவில் கட்டிலில் செத்தார். அந்த ஊருக்கு, வெறும் வயிற்றோடு, அவர் வரவே இல்லை. கொடி மேல் போட்ட ஆணை காற்றோடு போயிற்று.

அதெல்லாம் பின்னால் வந்த சங்கதி. அன்றைக்கு ஓடைக்கரையில் நின்ற ஹாலித்துக்கு முதுகு மட்டும் கொதித்தது.

"வீடு எரியுதுடா!" என்று கத்தினான் செனெல். "உன் பொஞ்சாதி, புள்ள உள்ள இருக்கு! திரும்பிப் பாரு!"

ஹாலித்தின் கழுத்து நரம்பு புடைத்தது. திரும்பவேண்டும் என்று உடம்பில் ஒவ்வொரு மயிரும் சொன்னது. பேக் இன்னும் மேடேறவில்லை, உச்சிக்கு இன்னும் இருநூறு அடி இருக்கிறது. தம்பியின் மச்சினன், குதிரைமேல் இருந்தவன், தலையைக் குனிந்துகொண்டான்.

வயலில் யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது. மண்கட்டிகள் நொறுங்கின. செனெலின் முகம் மலர்ந்தது. பெண்பிள்ளை வந்துவிட்டாள், ஒப்பாரி வைப்பாள், தோளைப் பிடித்துத் திருப்புவாள். கல்லையே அசைக்கிற சத்தம் அது.

நசீஃபே ஹாலித்துக்குப் பின்னால் வந்து நின்றாள். மூச்சு இரைத்தது. அவள் உள்ளங்கை அவன் முதுகில் பதிந்தது.

"எரியுதா?" என்றான் ஹாலித். பார்வை குன்றிலேயே இருந்தது.

"எரியல" என்றாள் நசீஃபே. "அடுப்புல ஈர வெறகு போட்டுட்டேன். அதான் பொகை."

"ஷாச்சே?"

"மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு இருக்கா."

"எருமை ஏன் கத்துது?"

"எருமை கத்தாம பாடுமா? பேசாம அந்தாளப் பாரு. கண்ண எடுக்காத."

செனெல் வாயைத் திறந்தான், மூடினான். மிச்சமிருந்த நாலு பேரில் ஒருவனும் பேசவில்லை. எல்லோருக்கும் கூரை தெரிந்தது. தீ கூரையின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. நசீஃபேயின் பாவாடை நுனி கருகியிருந்தது. அவள் கையை எடுக்கவில்லை. ஹாலித் நின்றான். பேக் சின்னதாகி, இன்னும் சின்னதாகி, உச்சியில் ஒரு கோடாகி, அந்தப் பக்கம் இறங்கி மறைந்தார்.

செனெல் காறித் துப்பிவிட்டுக் குதிரையைத் திருப்பினான்.

ஹாலித் திரும்பினான். வீடு இருந்த இடத்தில் அடுப்பின் கல்சுவர் மட்டும் நின்றது. வயலில், எருமைகளைப் பிடித்துக்கொண்டு, ஷாச்சே முழுசாக, உயிரோடு, அழுதுகொண்டு நின்றாள். மெத்தையைக்கூட யாரும் வெளியே எடுத்திருக்கவில்லை.

அவன் மனைவியின் முகத்தைப் பார்த்தான். புகை படிந்து கறுத்திருந்தது. காலையில் இவள்தானே திரும்பு என்றாள் என்று கேட்க வாயெடுத்தான். அவளுக்கே புரிந்துவிட்டது.

"நான் சொல்லி நீ திரும்பியிருந்தா அது வேற" என்றாள் நசீஃபே. "அந்தப் பய சொல்லி நீ திரும்பறதுக்கா நான் உன்கூட இத்தன வருஷம் இருந்தேன்?"

பிறகுதான் அவள் அழுதாள்.